கட்டுத்துணி

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிப் போய்விட்டாள். மூன்று தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில், "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வண்டியை எடுப்பா" என்று ஒரு ஓட்டுநரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் கிடைத்தாள். அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் மாப்பிள்ளையின் முதுகு பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன முதுகு. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் பகல் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டது அந்த முதுகுதான். மூத்த மகளின் கணவரான மாப்பிள்ளை வீட்டிலேயே தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். வீட்டில் இருக்கிறவர் என்பதால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மாமியாரை மருமகன் பார்த்துக்கொள்வதாவது என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகவில்லை.

ஆகவே, ஒரு இல்லம் தேட வேண்டியதாயிற்று. தேடும் வேலையை மூத்தவளின் தம்பி எடுத்துக்கொண்டான்.

தம்பிக்கு வீட்டில் 'சரிசரி' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் முதலில் "சரி, சரி" என்பான், பிறகுதான் காதில் வாங்குவான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரி வரைக்கும் அடுத்தவர்களைப் படிக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவன். இந்த விவரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவன் மேல் கோபப்பட வேண்டிய நேரத்தில் உதவும்.

அவன் பார்த்து வைத்த இல்லத்தில் ஒரே ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதற்கு முன் அம்மாவை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அவர்கள் 'மதிப்பீடு' செய்வார்களாம்.

யாரை யார் மதிப்பிடுவது என்பதில்தான் இன்றைய தகராறே.

*

வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது. சுவர் முழுக்கச் சிரித்த முகமாக முதியவர்களின் படங்கள். மூத்தவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரே மனிதர் இரண்டு படத்தில் வேறு வேறு சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். இங்கே வசிப்பவர் இல்லை, படத்துக்காக வந்தவர் என்று புரிந்துகொண்டாள்.

மூத்தவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொல்பவள். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போடுகிறவள். யார் எதில் கொண்டுபோய் மோதப் போகிறார்கள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தம்பி விஷயத்தில் மட்டும் எப்போதும் ஒரு நொடி தாமதம்.

இல்லத்தின் நிர்வாகி கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தாள். இஸ்திரி கலையாத உடை, கலையாத சிரிப்பு.

"வாங்க பாட்டி, வாங்க. நல்லா இருக்கீங்களா?"

"நான் யாருக்கும் பாட்டி இல்ல," என்றாள் அம்மா.

உண்மைதான். மூத்தவளுக்குக் குழந்தை கிடையாது, தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் நிர்வாகி அதைக் கேட்டுக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை, பாட்டி?"

அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "ஆபரேஷன் தியேட்டர் துணி வர்ற கிழமை."

நிர்வாகி ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இது எந்த வருஷம்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

இன்னொரு பெருக்கல் குறி.

"சரி, இவங்க யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்." பேனா மூத்தவளைக் காட்டியது.

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவளா? இவ எப்பவும் கோபமா இருப்பா."

அதற்கும் பெருக்கல் குறி விழுந்தது. "அது சரியான பதில்தானே?" என்று தம்பி முணுமுணுத்தான். மூத்தவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நிர்வாகி அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. அம்மாவின் தலைக்கு மேலாகவே பேச்சு ஓடியது. ராத்திரி எழுந்து நடப்பாங்களா? பாத்ரூம் வந்தா சொல்வாங்களா? கடிப்பாங்களா? அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

"அதை அவங்களையே கேளுங்களேன்," என்றாள் மூத்தவள்.

"அவங்களுக்குப் புரியாதும்மா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இங்க இருக்கிறவங்க எல்லாரும் எங்களுக்குக் குழந்தைங்க."

"எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு."

"அதான், இந்த வயசுல எல்லாரும் குழந்தைதானே," என்று சொல்லிச் சிரித்தாள் நிர்வாகி.

மூத்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தைக் கட்டி மேய்த்தவள் அம்மா. நாளொன்றுக்கு இரண்டாயிரம் உருப்படி. ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் தோய்ந்து வந்தது சாயங்காலத்துக்குள் வெள்ளை வெளேரென்று வார்டுக்குத் திரும்பிப் போகும். பதினாறு பேர் அவள் கண் அசைவுக்கு வேலை செய்தார்கள். பெரிய டாக்டர்களே அவளிடம் குரலை உயர்த்த யோசிப்பார்கள். அவளைப் போய்க் குழந்தை என்கிறாள், ஒரு மணி நேரப் பழக்கத்தில்.

"சரி, சரி, இடத்தைப் பாக்கலாமே," என்றான் தம்பி, சண்டை வாடை அடித்ததும்.

*

அறைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. கட்டில் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்குத் திரை இருந்தது. ஒன்றுதான் இல்லை. ஆறு அறையைப் பார்த்தாயிற்று, ஒரு ஆள் கண்ணில் படவில்லை.

"எல்லாரும் எங்க?" என்றாள் மூத்தவள்.

"பின்னால ஹால்ல டிவி பாக்கறாங்க. இப்ப ஓய்வு நேரம், தொந்தரவு பண்ண வேண்டாம்."

நடைபாதை திரும்பும் இடத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. துவைத்து உலர்ந்த துணி அதில் மலையாகக் கிடந்தது. அதுவரைக்கும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"யார் இதை இப்படிக் கொட்டி வச்சது?"

துணி மடித்துக்கொண்டிருந்த பராமரிப்புக்காரப் பெண் நிமிர்ந்தாள். நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். "நான்தாம்மா," என்றாள் பயந்தவள்போல.

அம்மா கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். கிழமை தெரியாதவள், வருஷம் தெரியாதவள், பார்க்காமலேயே விளிம்பைப் பிடித்து உதறி நாலாக மடித்தாள். நிர்வாகிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா, வந்ததுமே மனசு ஒட்டிக்கிச்சு. நாளையிலேருந்து தினமும் நம்ம கூட மடிக்கலாம், சரியா பாட்டி?"

"சரி, சரி," என்றான் தம்பி. அவனை யாரும் கேட்கவில்லை.

அம்மா விரிப்புகளை ஒரு அடுக்காகவும், தலையணை உறைகளை ஒரு அடுக்காகவும் வைத்தாள். நடுவில் ஒரு விரிப்பை எடுத்தவள் நிறுத்தினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலால் நீளவாட்டில் தடவினாள். அதை மடிக்காமல் தனியாகப் போட்டாள். இன்னும் இரண்டை மடித்த பிறகு மறுபடி ஒன்று தனியாகப் போனது. எல்லாமே துவைத்தவை, எதிலும் கறை இல்லை.

"அதை ஏம்மா தனியா வைக்கிறீங்க?" என்றாள் பராமரிப்புக்காரப் பெண்.

"கட்டு," என்றாள் அம்மா.

"ஆமா, கட்டுக் கட்டா அடுக்குங்க, ரொம்ப நல்லது," என்றாள் நிர்வாகி.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மந்தபுத்திக்காரியிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"கட்டுத்துணி. இதை இங்க துவைக்க மாட்டோம். வார்டுக்குத் திருப்பி அனுப்பு. யார் கட்டினதுன்னு கேட்டுட்டு வா."

தம்பி சிரித்தான். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். தம்பி கைக்குழந்தையாக இருந்த காலத்தில், வேலை முடிந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்: "இன்னைக்கும் நாலு கட்டுத்துணி வந்துச்சு." நோயாளி எழுந்திருக்கக் கூடாது என்று படுக்கையோடு சேர்த்துக் கட்டப் பயன்படுத்திய விரிப்பு அது. கயிறாக முறுக்கியதால் நீளவாட்டில் ஒரு சுருக்கம் விழும். இரண்டு முனையிலும் முடிச்சு நசுங்கிய தடம் இருக்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது போகாது. அம்மா அவற்றைத் துவைக்காமல் அப்படியே வார்டுக்குத் திருப்பி அனுப்புவாள். நான் துவைத்துக் கொடுத்தால் நாளைக்கு மறுபடி கட்டுவான், கட்டினவனே துவைக்கட்டும் என்பாள். அதற்காக இரண்டு மெமோ வாங்கியிருக்கிறாள். இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பெற்ற மகளின் பெயர் அவளுக்குப் போய்விட்டது. இது போகவில்லை.

மூத்தவள் அந்தத் தனி அடுக்கை எண்ணினாள். ஒன்பது.

"நான் பின்னால ஹாலைப் பாக்கணும்."

"ஓய்வு நேரம்னு சொன்னேனே."

"டிவி பாக்கறாங்கன்னும் சொன்னீங்க."

"அவங்களுக்குன்னு ஒரு அந்தரங்கம் இருக்கு இல்லையாம்மா? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

மூத்தவள் அவளைத் தாண்டி நடந்தாள். நிர்வாகி கோப்போடு பின்னால் ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் தம்பி.

*

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம்.

சுவரோரமாக நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லாரும் சுத்தமாக இருந்தார்கள், தலை வாரியிருந்தது. ஒவ்வொருவர் இடுப்பைச் சுற்றியும் முறுக்கிய விரிப்பு போய், நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் முடிச்சிட்டிருந்தது. யாரும் கத்தவில்லை. ஒரு பெண்மணி மட்டும் துணியின் விளிம்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுப்பாள், விடுவாள், மறுபடி இழுப்பாள்.

கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு பெரியவர் மூத்தவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார முயன்றார்.

"மன்னிக்கணும். எனக்கு பாத்ரூம் போகணும். இவங்ககிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். இதைக் கொஞ்சம் அவிழ்த்து விட முடியுமா?"

மூத்தவள் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவிழ்ந்தபோது நாற்காலிக்கு அடியில் தரை நனைந்துவிட்டிருந்தது.

"பரவாயில்லை," என்றார் பெரியவர். "நீங்க சீக்கிரமாத்தான் வந்தீங்க."

அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். அதைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள். யாரையாவது அறைந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" நிர்வாகியின் சிரிப்பு இப்போது கலைந்திருந்தது. "இவர் எழுந்து விழுந்து இடுப்பு உடைஞ்சா நீங்களா பதில் சொல்லப் போறீங்க? போன வருஷம் ஒருத்தர் விழுந்தார். அவர் பையன் வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பாக்காதவர், வக்கீலோட வந்து நின்னார். பகல்ல இருபத்தாறு பேருக்கு ரெண்டே பேர்தான் வேலைக்கு. நீங்க வந்து ஒரு நாள் பாத்துக்குங்களேன்."

"ஆள் பத்தலைன்னா ஆளைப் போடுங்க. கட்டுப் போடாதீங்க."

"நாங்க என்ன திருட்டுத்தனமாவா செய்றோம்? ஒவ்வொண்ணும் குடும்பத்துச் சம்மதத்தோடதான். ஏன், உங்க தம்பியே கையெழுத்து போட்டிருக்காரே."

கோப்பு திறந்தது. மூன்றாம் பக்கம், அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில்: 'மென்மையான இருக்கைப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு முழு மனதுடன் ஒப்புதல் அளிக்கிறேன்.' அதற்குக் கீழே சரிசரியின் அழகான கையெழுத்து, கடைசியில் புள்ளியோடு.

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பாதுகாப்புன்னு போட்டிருந்துது அக்கா. சீட் பெல்ட் மாதிரி ஏதோன்னு நினைச்சேன்."

"சீட் பெல்ட்டை உக்காந்திருக்கிறவன் கழட்டிக்கலாம்டா. அதுக்கு பட்டன் அவன் கைக்குப் பக்கத்துல இருக்கும்."

அவன் குனிந்து அந்த வரியைப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் சின்ன எழுத்தைப் படி படின்னு சொல்றவன்தானே நீ? இதைப் படிச்சியா?"

"படிக்கல."

அவன் நிர்வாகியிடம் பேனாவைக் கேட்டான். ஏதோ எழுதித் தரப் போகிறான் என்று நினைத்து அவளும் கொடுத்தாள். தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"ஐயோ, அதுல அடிக்கக் கூடாது. அது ஆபீஸ் காப்பி."

"சரி, சரி," என்றான் பழக்க தோஷத்தில். சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு கோடு இழுத்தான்.

அவர்கள் ஹாலை விட்டு வெளியே வந்தபோது அம்மா தள்ளுவண்டியை விட்டு நகர மறுத்தாள். ஒன்பது கட்டுத்துணியையும் பராமரிப்புக்காரப் பெண்ணின் கையில் ஏற்றி வைத்த பிறகுதான் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் மூத்தவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் கட்டலைன்னு பொய் சொல்ல மாட்டேங்க. ஒருத்தரைக் கழுவிட்டிருக்கும்போது இன்னொருத்தர் விழுந்துடறாங்க. இருக்கிறது ரெண்டு கை. நான் என்ன பண்ணட்டும்?"

மூத்தவளுக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

*

காரில் வரும்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "அஞ்சு மணிக்கு என்ன சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லு."

"அடுத்த மாசம் மாமாவுக்கு ஆபரேஷன். அப்புறம் ஆறு வாரம் படுக்கை. அம்மாவை..."

"வேண்டாம்னு சொல்லுன்னேன்."

பின்னிருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை செய்த களைப்பு. தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திப் போனை எடுத்து, மூன்றே வாக்கியத்தில் வேண்டாம் என்று சொல்லி வைத்தான். இதற்கு முன் அவன் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லி மூத்தவள் கேட்டதில்லை. அக்காவையும் அம்மாவையும் வாசலில் இறக்கிவிட்டு, கடைக்குப் போக வேண்டும் என்று அவன் கிளம்பினான்.

வீட்டுக்குள் மாப்பிள்ளை இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு மெஷினின் அடிப்பாகத்தைத் திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. காகிதத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முதியோர் இல்லங்களை மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்குப் புகார்.

எழுதுவதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவது அவள் வழக்கம். நடந்ததையெல்லாம் மாப்பிள்ளைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன் தொட்டியிலிருந்து பொம்மைப் படம் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினாள்.

"...நடமாடக்கூடிய மனிதர்களைத் துணியால் முறுக்கிக் கட்டிப் போட்டிருக்கும் இந்த மிருகங்களை..."

"அந்த வார்த்தை வேண்டாம்," என்றார் மாப்பிள்ளை.

"எந்த வார்த்தை?"

"மிருகங்கள்."

"ஏன், மரியாதை குறைவா இருக்கா? நீங்க பாக்கலங்க. பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. அந்த மனுஷனுக்கு நனைஞ்சு போச்சு, என்கிட்ட பரவாயில்லைங்கறார். இவங்கல்லாம் மனுஷ ஜென்மமா?"

மாப்பிள்ளை எண்ணெய்க் குப்பியை மூடினார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அத்தை கேட்டைத் திறந்துட்டுப் போனது போன வாரம்தான் முதல் தடவைன்னு நீ நினைச்சிட்டிருக்க," என்றார். "அதுக்கு முன்னாடியே போயிருக்காங்க. ஒரு தடவை நடு ரோடு வரைக்கும். நான் குளிக்கணும். கடைக்குப் போய் ஊசி, பெல்ட்டு வாங்கணும். இந்த முதுகு வலிக்கு மாத்திரையைப் போட்டுட்டு அரை மணி படுக்கணும். அந்த நேரத்துக்கு..."

மூத்தவளின் பேனா நின்றது.

"உன்னோட பழைய சால்வை ஒண்ணு இருக்கில்ல, அதால. ஜன்னல் ஓரத்து நாற்காலியில. இறுக்க மாட்டேன். ரேடியோவைப் போட்டு வைப்பேன்."

பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பன்னு நீதான் இப்ப எழுதி வச்சிருக்கியே."

மூத்தவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் இடுப்புப் பட்டையைப் பார்த்தாள். தன் அம்மாவைத் தூக்கித் தூக்கி வீணாய்ப்போன முதுகு அது. கத்த வாய் வரவில்லை. ஆனால் காலையிலிருந்து உள்ளே எரிந்துகொண்டிருந்தது அணையவும் இல்லை. அது அப்படியே இருந்தது, இந்த வீட்டுக்குள், இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதர் மேல்.

"எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது, மறு கையும் முடிந்தது. அவர் திரும்ப முதல் கைக்கு வந்தார்.